ஓர் இண்டி ராக் ஆல்பம் யாருடையது? தறிச் சத்தத்துக்கு நடுவே ஒலிப்பதிவு முதல் ராயல்டி வரை

தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடும் ஒருவர் கோவையிலிருந்தோ பல்லடத்திலிருந்தோ இண்டி ராக் ஆல்பம் ஒன்றை வெளியிடுகிறார். வெளியான கொஞ்ச நாளிலேயே கேட்பவர்களுக்கும் சில நேரம் பாடியவருக்கும் அதே மூன்று கேள்விகள் எழுகின்றன. எல்லாம் இவரே செய்ததென்றால் பாட்டின் கீழே ஏன் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது? அவர் பாட்டை அவரே யூடியூபில் ஏற்றினால் ஏன் உரிமைக் கோரிக்கை வருகிறது? இத்தனை பேர் கேட்டும் கைக்கு வருகிற பணம் ஏன் இவ்வளவு குறைவு?

இளையராஜா பாடல்களின் உரிமை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்குகளைச் செய்தியில் படித்த பலரும், சினிமாவுக்கான விதியையே இதற்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். அங்கேதான் குழப்பம் கூடுகிறது. சினிமாப் பாட்டில் உரிமை பெரும்பாலும் படத் தயாரிப்பாளரிடம் தொடங்குகிறது. இண்டி ஆல்பத்தில் அது எழுதிப் பாடியவரிடமே தொடங்குகிறது. பிறகு அது கைமாறுவது எழுதாமல் விட்ட தாளாலும் படிக்காமல் போட்ட கையெழுத்தாலும்தான்.

இண்டி, ராக், ஆல்பம்

இண்டி என்பது முதலில் தொழில் செய்யும் முறை. பெரிய இசை நிறுவனத்தின் முதலீடும் கட்டுப்பாடும் இல்லாமல், பாடுபவர் தன் செலவில் பதிவு செய்து தானே வெளியிடுவது. ராக் என்பது டிரம்ஸ், பேஸ், கிடார், குரல் என்ற நான்கு கால்களில் நிற்கும் இசை. ஆல்பம் என்பதற்கு ஸ்ட்ரீமிங் தளங்கள் தெளிவான எல்லை வைத்திருக்கின்றன. தலா பத்து நிமிடத்துக்குட்பட்ட ஒன்று முதல் மூன்று பாட்டு வரை சிங்கிள். நான்கு முதல் ஆறு பாட்டு, மொத்தம் 30 நிமிடத்துக்குள் இருந்தால் இ.பி. ஏழு பாட்டு அல்லது 30 நிமிடம் தாண்டினால் ஆல்பம். ஆறு பாட்டை 28 நிமிடத்தில் முடித்துவிட்டு ஆல்பம் என்று சுவரொட்டி அடித்தாலும் தளத்தில் அது இ.பி. என்றுதான் வரும்.

ஒரு பாட்டுக்குள் மூன்று உரிமைகள்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு பாட்டை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை.

1. வரியும் மெட்டும். வரி இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு. எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரியவை. அவர்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் உரிமை நிற்கும்.

2. ஒலிப்பதிவு. அந்த மெட்டை ஒரு குறிப்பிட்ட நாளில் வாசித்துப் பாடிப் பிடித்துவைத்த கோப்பு. இது பதிவின் தயாரிப்பாளருக்கு உரியது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு.

3. நிகழ்த்துநர் உரிமை. பாடியவர், டிரம்ஸ் வாசித்தவர், உடுக்கை அடித்தவர் ஆகியோர் தங்கள் நிகழ்த்தல் மீது வைத்திருப்பது. 50 ஆண்டு.

தோட்டம் ஒருவருடையதாகவும் அதில் வெள்ளாமை வைத்தவர் வேறொருவராகவும் இருப்பது கொங்கு நாட்டில் எல்லோருக்கும் பழகிய ஏற்பாடு. வரியும் மெட்டும் தோட்டம், ஒலிப்பதிவு அதில் ஒரு போகம். அடுத்த போகத்தை வேறொருவர் வைக்கலாம். அதனால் தோட்டம் கைமாறாது.

இரண்டாவது உரிமையில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஸ்டுடியோக்களில் "மியூசிக் புரொட்யூசர்" என்று அழைக்கப்படுபவர் வாத்தியங்களை அடுக்கி, ஒலியை வடிவமைப்பவர். சட்டம் சொல்லும் தயாரிப்பாளர் வேறு: பதிவைச் செய்வதற்கான முன்முயற்சியையும் பொறுப்பையும் எடுத்தவர். பாடகர் வாடகை கொடுத்து, ஆட்களை அழைத்து, சம்பளம் தந்து பதிவு செய்தால் தயாரிப்பாளர் பாடகர்தான். நண்பரின் ஸ்டுடியோவில் "காசு வேண்டாம், பாத்துக்கலாம்" என்று இலவசமாகப் பதிவு செய்தால், முன்முயற்சி யாருடையது என்பது பின்னால் வாதத்துக்குரியதாகிவிடும். ஐந்நூறு ரூபாயானாலும் கொடுத்து, "இந்தப் பதிவின் உரிமை முழுவதும் இன்னாருக்கே" என்று ஒரு வரி எழுதி வாங்குவது நட்பையும் காப்பாற்றும்.

சினிமாவில் ஏன் வேறு? படத்துக்காகப் பணம் கொடுத்து இசை செய்ய வைத்தால் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012 சட்டத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ஒரு கவசம் தந்தது: உரிமையை விற்றாலும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்க முடியாது, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர. இந்தக் கவசம் சினிமா அல்லாத ஒலிப்பதிவுகளுக்கும் உண்டு. இண்டி ஒப்பந்தங்களில் இன்றும் இதை மறந்து கையெழுத்திடுகிறார்கள்.

அறை: முட்டை அட்டை எதையும் தடுக்காது

கொங்கு நாட்டில் வீட்டுப் பதிவுக்குப் பெரிய எதிரி தறி. சோமனூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் தறிக்குடோன் இல்லாத தெரு குறைவு. நாடா அடிக்கும் சாதா விசைத்தறி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கிறது. ராக் பாட்டுகளின் தாள வேகமும் பெரும்பாலும் நூறுக்கும் நூற்று நாற்பதுக்கும் இடையில்தான். மைக்கில் கசியும் தறியடி பாட்டின் தாளத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்து, ஆனால் சேராமல், மெல்ல நழுவிக்கொண்டே போகும். கேட்பவருக்குக் காரணம் புரியாது. டிரம்ஸ் வாசித்தவர் தடுமாறுகிறார் என்று தோன்றும்.

அந்த அதிர்வு காற்றில் மட்டும் வருவதில்லை, தரை வழியாகவும் வருகிறது. அதனால் சுவரில் எதை ஒட்டினாலும் முழுதாக நிற்காது. மைக் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வைத்து, மைக்கை அதிர்வு தாங்கும் ஷாக் மவுண்டில் தொங்கவிட்டு, குரல் ட்ராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்துக்கு நாள் பார்ப்பதுதான் வழி. துணை மின்நிலையப் பராமரிப்புக்காக மின்தடை என்று நாளிதழில் அறிவிப்பு வரும் நாள், வீட்டில் பாடுபவருக்குப் பொன்னான நாள். தறி ஓடாது, மோட்டார் ஓடாது. லேப்டாப் பேட்டரியில், அதிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸை (மைக்கையும் கிடாரையும் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) வைத்துக் குரலையும் அகூஸ்டிக் கிடாரையும் பதிவு செய்தால் மின் இரைச்சலும் அறவே இருக்காது. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் இன்டர்ஃபேஸே தந்துவிடும்.

நாமக்கல் முட்டை ஊர் என்பதாலோ என்னவோ, இங்கே பல அறைகளின் சுவரில் முட்டை அட்டை ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அது வெளிச்சத்தத்தைத் தடுக்காது. தடுக்க எடை வேண்டும், அட்டையில் எடை இல்லை. உள்ளே எழும் எதிரொலியிலும் மேல் சுருதிகளை மட்டும் கொஞ்சம் மழுக்கும். எளிதில் தீப்பிடிக்கும் என்பது இன்னும் பெரிய காரணம். பனியன் வேஸ்ட்டை மூட்டையாகக் கட்டி மூலையில் அடுக்குவது ஒலியை நன்றாக விழுங்கும், ஆனால் தீ ஆபத்து அதிலும் அதே அளவு. கல்லிழையாலான ராக்வுல் பலகையே சரி: 4 அங்குலத் தடிமன், துணி உறை, சுவரிலிருந்து 4 அங்குல இடைவெளி. கடையில் விற்கும் 2 அங்குல ஸ்பாஞ்ச், 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் விழுங்குவதில்லை.

அறையின் அளவே பாட்டின் ஒலியை மாற்றும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. 343ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அறை எந்த அதிர்வெண்ணில் முழங்கும் என்பது வரும். பத்தடி என்றால் 56 ஹெர்ட்ஸ், பன்னிரண்டடி என்றால் 47. பேஸ் கிடாரில் ஏ கம்பியைத் திறந்து மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள நம் வழக்கமான அறையில் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் இரட்டிப்பாக முழங்கும். எல்லா ட்ராக்குகளையும் கலந்து மிக்ஸ் செய்பவர் பேஸ் அதிகம் என்று நினைத்துக் குறைப்பார். காரில் கேட்டால் பேஸே இருக்காது. இதற்கு மருந்து மூலைகளில் தடித்த பலகைகள், பிறகு வேறு இடங்களில் கேட்டுச் சரிபார்ப்பது.

50 ஹெர்ட்ஸ் இரைச்சல்

எலெக்ட்ரிக் கிடாரில் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் வந்தால் இரண்டு காரணங்களைத் தேட வேண்டும். கிடாரின் கம்பி அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருளான சிங்கிள் காயில் பிக்கப், பக்கத்திலுள்ள அடாப்டரிலிருந்தும் வயரிங்கிலிருந்தும் 50 ஹெர்ட்ஸை இழுக்கும். கிடாரோடு கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலே குறைவது தெரியும். திரும்பினாலும் மாறவில்லை என்றால் கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் ஒன்றோடொன்று வளையமாகச் சேர்ந்துகொள்வது. ஆம்ப், லேப்டாப், இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லையே என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். கிடார் கம்பி கையில், மைக் உதட்டில், 230 வோல்ட் நடுவில். அதைச் செய்யவே கூடாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் 2, 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பதிவை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைப்பதே முறை.

டிரம்ஸுக்கு மட்டும் ஸ்டுடியோ

கையில் பணம் குறைவு என்றால், டிரம்ஸை ஒரே நாளில் நல்ல ஸ்டுடியோவில் முடித்து மற்றதை வீட்டில் செய்வதுதான் கணக்குக்கு ஒத்துவரும். டிரம்ஸ் பதிவில் கெடுவது மைக்கின் விலையால் அல்ல, தூரத்தால். மேலே தொங்கும் இரண்டு மைக்குகளும் ஸ்னேர் என்ற முன் டிரம்மின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு கயிற்றை வைத்து அளந்தாலே போதும். 34 செ.மீ. வித்தியாசம் இருந்தால் ஒலி ஒரு மில்லி விநாடி பிந்தி வரும். இரண்டையும் சேர்க்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் இரு மைக்கின் ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்னேர் தகர டப்பா மாதிரி கேட்பதற்கு இது அடிக்கடி காரணம். ஸ்னேரின் மேலும் கீழும் மைக் வைத்தால் கீழ் மைக்கின் துருவத்தைத் திருப்ப வேண்டும். 24 பிட் பதிவில் உச்சம் மைனஸ் 10 டெசிபெல் அருகில் நின்றாலே போதும். சிவப்பு விளக்கைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

கிடாருக்குள் மூழ்கும் ழகரம்

தமிழில் ராக் பாடுபவர்கள் சந்திக்கும் சிக்கல் இது. எந்த வெளிநாட்டுக் கையேடும் இதற்கு உதவாது. ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிய வேண்டிய தகவலில் பெரும்பங்கு 2000 ஹெர்ட்ஸைச் சுற்றியும் அதற்குச் சற்று மேலும் கிடக்கிறது. டிஸ்டார்ஷன் போட்ட கிடார் அடர்த்தியாக நிற்பதும் அதே இடத்தில். மேலே மூடி போட்டதுபோல் ஆகி, "வாழை", "வாளை" ஆகிவிடும். பாடியவருக்கு உச்சரிப்பு இல்லை என்று பழி வரும்.

குரலின் ஒலி அளவை ஏற்றுவது இதற்குத் தீர்வில்லை. குரல் கிடாரிலிருந்து பிரிந்து தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கிடார்களில் 1.8 முதல் 2.8 கிலோ ஹெர்ட்ஸ் வரை 2, 3 டெசிபெல் குறைப்பதே முதல் வேலை. குரல் வரும்போது மட்டும் அந்த அதிர்வெண் பட்டை தானாகக் குறையும்படி டைனமிக் ஈ.க்யூ. வைத்தால் இன்னும் நல்லது. இரண்டு கிடார்களை இடமும் வலமுமாகப் பிரித்து வைத்தால் நடுவில் குரலுக்கு இடம் கிடைக்கும். அதற்கு அதே பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசிக்க வேண்டும். ஒரே டேக்கை நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் அகலம் வராது, சத்தம் மட்டும் கூடும்.

எழுதும்போதே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. குறில் வரும் இடத்தில் நீண்ட ஸ்வரம் விழுந்தால் "மலை" "மாலை" ஆகும். "ஏனுங்", "போலாமுங்" என்று மூக்கில் முடியும் கொங்குப் பேச்சை வரியில் வைப்பவர்கள், அந்த முடிவுக்கு ஓர் இடைவெளி விட்டு அடுத்த சொல்லைத் தொடங்குவது நல்லது. இல்லாவிட்டால் அடுத்த சொல்லின் முதல் எழுத்தை அது விழுங்கிவிடும். மைக்கிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரம், மூச்சுக்காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர், மின்விசிறி நிறுத்தம். சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் பாடுவது கொடுமை என்பதால் அதிகாலைப் பதிவே உத்தமம்.

பறையும் உடுக்கையும் சேர்க்கும்போது

அண்ணன்மார் கதையின் உடுக்கைப் பாட்டும் பறையடியும் கும்மியும் வளர்ந்த மண்ணில், ராக் ஆல்பத்துக்குள் அவை வருவது இயல்பு. ஒலியிலும் உரிமையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு.

பறை தீயில் காய்ச்சிய பிறகு சூடு ஆற ஆறச் சுருதி இறங்கும். ஒரு பாட்டை முழுநீளமாக எடுத்தால் முதல் சரணத்துக்கும் கடைசிச் சரணத்துக்கும் ஒலி ஒட்டாது. சிறு சிறு துண்டுகளாக எடுத்து, நடுவில் மறுபடி காய்ச்ச நேரம் தர வேண்டும். டைனமிக் மைக்கைக் கை நீளத் தூரத்தில் வைக்க வேண்டும். நாதஸ்வரத்தின் சுருதியைக் கிடாருக்காக மாற்ற முடியாது. கிடாரைத்தான் நாதஸ்வரத்துக்கு ஏற்ப மறுசுருதி கூட்ட வேண்டும். நடுவிலுள்ள கயிற்றை அழுத்தி ஸ்வரத்தை வளைப்பதே உடுக்கையின் உயிர். அதைச் சுருதி திருத்தும் மென்பொருளில் போட்டு நேராக்கினால் மிஞ்சுவது வெறும் தட்டல்.

உரிமையில், வழிவழியாக வரும் மெட்டுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, யாரும் பாடலாம். அதை ஒருவர் பாடிய பதிவுக்கு உரிமை உண்டு. யூடியூபில் கிடைத்த கோயில் விழாப் பதிவிலிருந்து நான்கு விநாடி உடுக்கையை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடும்படி லூப் போடுவது, பதிவு செய்தவரின் உரிமையையும் அடித்தவரின் உரிமையையும் ஒருசேர மீறுவது. அந்தக் கலைஞரையே அழைத்து, ஊதியம் தந்து, எழுத்தில் சம்மதம் வாங்கி, பெயரைப் போடுவதுதான் நியாயம். எழுத்தைப் படித்துக் காட்டி, என்னென்ன பயன்பாட்டுக்கு என்பதை விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். பெயர் போடாமல் "நாட்டுப்புறக் கலைஞர்" என்று மொத்தமாக எழுதும் பழக்கம் இன்னும் தொடர்வது வருத்தத்துக்குரியது. தன் நிகழ்த்தலுக்குத் தன் பெயரைக் கோரும் உரிமையைச் சட்டமே அவருக்குத் தந்திருக்கிறது.

மாஸ்டரிங்: சத்தத்தைக் கூட்டினால் தளம் குறைத்துவிடும்

மாஸ்டரிங் என்பது வெளியீட்டுக்கு முன் ஒலி அளவைச் சரிசெய்யும் கடைசி வேலை. ஸ்பாடிஃபையும் யூடியூபும் பாட்டுகளை மைனஸ் 14 லஃப்ஸ் என்ற அளவை ஒட்டிச் சமப்படுத்துகின்றன. ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16. லஃப்ஸ் என்பது காது உணரும் சராசரிச் சத்த அளவு. மைனஸ் 8இல் நசுக்கி எடுத்த பாட்டை ஸ்பாடிஃபை 6 டெசிபெல் இறக்கிவிடும். நசுங்கிய டிரம்ஸ் நசுங்கியபடியே இருக்கும், சத்தம் மட்டும் போய்விடும். ராக் ஆல்பத்துக்கு மைனஸ் 10, 11 போதும். உச்சம் மைனஸ் 1 டெசிபெல் ட்ரூ பீக்கைத் தாண்டக் கூடாது. ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது ஸ்பாடிஃபையும் ஆப்பிள் மியூசிக்கும் முழு ஆல்பத்தையும் ஒரே அளவில் சேர்த்து நகர்த்துவதால், மெல்லிய பாட்டை மெல்லியதாகவே விடலாம்.

எண்களும் பெயர்களும்

ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து எண் உண்டு: நாடு 2, பதிவாளர் 3, ஆண்டு 2, வரிசை 5. கேட்ட எண்ணிக்கை, பணம் எல்லாம் இந்த எண்ணில்தான் சேர்கிறது. ஆல்பத்துக்கு முன் சிங்கிளாக வெளியிட்ட பாட்டை ஆல்பத்தில் மறுபடி ஏற்றும்போது அதே ஆடியோ, அதே நீளம், அதே எண் இருந்தால் பழைய எண்ணிக்கை தொடரும். நடுவில் மறுபடி மாஸ்டர் செய்துவிட்டால் அது வேறு பதிவு; புதிய எண், பூஜ்யத்திலிருந்து தொடக்கம். ஆகவே முதல் சிங்கிள் போவதற்கு முன்பே ஆல்பம் முழுவதையும் மாஸ்டர் செய்துவிட வேண்டும்.

பாட்டைத் தளங்களுக்கு அனுப்பிப் பணத்தை வாங்கித் தரும் விநியோக நிறுவனம் மாறும்போதும் இதே கவனம் வேண்டும். புதிய நிறுவனத்தில் பழைய எண்களோடு ஏற்றி, தளத்தில் தெரிந்த பிறகே பழையதை நீக்க வேண்டும்.

பெயரில் வரும் சிக்கல் தமிழர்களுக்கு அதிகம். ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதினால் மூன்று கலைஞர் பக்கங்கள் முளைக்கும். பொதுவான பெயர் என்றால் முன்பின் தெரியாதவரின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து கடைசி வரை அதிலேயே நிற்க வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் இடத்தில் மேடைப் பெயர் செல்லாது, சட்டப் பெயர் வேண்டும்.

வெளியீடு வெள்ளிக்கிழமை என்பது 2015 ஜூலை முதல் உலக வழக்கம். கோப்பு நான்கு வாரம் முன்பே விநியோகத்துக்குப் போய்விட வேண்டும். ஸ்பாடிஃபையின் பட்டியல் தொகுப்பாளர்களுக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது ஏழு நாள் முன்பு ஒரு பாட்டை மட்டும் தேர்ந்து அனுப்ப வேண்டும்.

பணம் வரும் வழிகள்

ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிலையான விலை இல்லை. ஒரு நாட்டில் ஒரு மாதம் சந்தாவிலும் விளம்பரத்திலும் வந்த தொகையில் உரிமையாளர்களுக்கான பங்கை ஒரு குளமாகச் சேர்த்து, மொத்தக் கேட்புகளில் இந்தப் பாட்டின் விகிதம் எவ்வளவோ அவ்வளவு தருகிறார்கள். இந்தியச் சந்தா மலிவு, இலவசமாகக் கேட்பவர்கள் அதிகம், குளம் சிறிது. அதே பாட்டை சிங்கப்பூரில் இருப்பவர் கேட்டால் கூடுதலாக வருவதற்குக் காரணம் அதுதான். ஸ்பாடிஃபையில் 30 விநாடி தாண்டினால்தான் ஒரு கேட்பு. 2024 முதல் கடந்த 12 மாதத்தில் ஆயிரம் கேட்பு எட்டாத பாட்டுக்கு அங்கே பதிவு ராயல்டி கிடையாது. பத்துப் பாட்டு ஆல்பத்தில் இரண்டு மட்டும் ஓடினால் மற்ற எட்டும் பூஜ்யமாக நிற்க வாய்ப்பு உண்டு.

இது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டுமே. வரிக்கும் மெட்டுக்குமான ராயல்டி வேறு வாய்க்காலில் ஓடுகிறது: 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற பதிப்புரிமைச் சங்கம். விநியோக நிறுவனத்தில் பணம் வருகிறதே என்று இதில் சேராமல் இருப்பவர்கள் தங்கள் தோட்டத்தின் வருமானத்தை விட்டுவிட்டு போகத்தின் வருமானத்தை மட்டும் வாங்குகிறார்கள். உறுப்பினராகிப் பெயர் கொடுத்தால் போதாது. ஒவ்வொரு பாட்டையும் யாருக்கு எத்தனை சதவீதம் என்ற விவரத்தோடு பதிய வேண்டும்.

யூடியூபில் சொந்தப் பாட்டுக்கே கோரிக்கை வருவது விநியோக நிறுவனம் அதைக் கன்டென்ட் ஐ.டி.யில் (பாட்டைத் தானாக அடையாளம் காணும் யூடியூபின் அமைப்பு) பதிந்ததால். பாடகரின் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதினால் தீரும். எல்லோருக்கும் விற்கப்படும் ஆயத்த லூப்பைப் பாட்டில் வைத்திருந்தால் கன்டென்ட் ஐ.டி.யில் பதியவே கூடாது. அதே லூப்பை வாங்கிய மற்றவர்களின் வீடியோக்கள் மீது பொய்க் கோரிக்கை போகும், கணக்கு முடங்கும்.

வெளிநாட்டு நிறுவனம் வழியாக அமெரிக்க வருமானம் வந்தால் டபிள்யூ-8பென் படிவத்தில் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி பிடித்தம் 15 சதவீதம், கொடுக்காவிட்டால் 30.

கொங்கு இசைஞருக்கு மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு வழி இருக்கிறது: திருப்பூர். நிகழ்ச்சியில் விற்கும் டீ-ஷர்ட்டின் லாபம், சிறிய இசைஞருக்குப் பல மாத ஸ்ட்ரீமிங்கை மிஞ்சும். 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பருத்தி, பயோவாஷ், காம்பாக்ட் செய்த துணி என்று கேட்டு வாங்க வேண்டும். காம்பாக்ட் செய்யாதது முதல் சலவையில் சுருங்கும். ஸ்கிரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரைச் சட்டகம் என்பதால் ஐம்பதுக்குள் அடிப்பவருக்கு, ஃபிலிமில் அச்சிட்டுத் துணியில் ஒட்டும் டி.டி.எஃப். பிரிண்ட் மலிவு.  எஸ், எம், எல், எக்ஸ்எல் அளவுகளை 1:2:2:1 என்று எடுப்பது பழைய பனியன் கம்பெனிக் கணக்கு, தேங்காமல் விற்கும்.

கையெழுத்துக்கு முன்

முதலில் குழுவுக்குள். கிடார் வாசித்தவர் கொடுத்த ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துண்டு, பாட்டின் அடையாளமாகிவிட்டால் அவர் இணைப் படைப்பாளியா, கூலிக்கு வாசித்தவரா? இதைப் பதிவு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதிவிட வேண்டும்: பாட்டின் பெயர், ஒவ்வொருவரின் சட்டப் பெயர், வரியில் எத்தனை, மெட்டில் எத்தனை, கூட்டினால் 100, தேதி, கையெழுத்து. பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் உறவுதான் முதலில் உடையும். தகராறு என்று ஒருவர் எழுதினாலே விநியோக நிறுவனம் பாட்டை இறக்கிவிடக்கூடும்.

அடுத்து, லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) ஒன்று முன்பணத்தோடு வந்தால் சட்டத்தின் 19ஆம் பிரிவை மனதில் வைத்து ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும்.

1. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். வாட்ஸ்அப்பில் "சரிங்ணா" என்றது உரிமை மாற்றமாகாது.

2. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். லேபிள்கள் இதை அறிந்தே "உலகம் முழுவதும், உரிமைக் காலம் முடியும்வரை" என்று எழுதுகின்றன. அந்த வரியைப் பேசி மாற்றலாம். உரிமையை விற்காமல், ஏழோ பத்தோ ஆண்டுக்கு உரிமம் மட்டும் தரலாம்.

3. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொன்னால் தவிர. அந்த விதிவிலக்கு வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

4. முன்பணம் கடன் போன்றது, ராயல்டியிலிருந்து கழியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்பணம் இரண்டு லட்சம், பாடகர் பங்கு 20 சதவீதம் என்றால், பாட்டு பத்து லட்சம் ஈட்டிய பிறகுதான் அடுத்த ரூபாய் பாடகர் கைக்கு வரும். வீடியோச் செலவும் கழியும் என்று ஒரு வரி இருந்தால் அந்த எல்லை இன்னும் தள்ளிப்போகும்.

5. ஒலிப்பதிவும் வரி-மெட்டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வந்தால் பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். ஒரு விளம்பரப் படம் பாட்டைக் கேட்டு வந்தால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். இரண்டும் பாடகர் கையில் இருந்தால் ஒரே நாளில் பதில் சொல்லிவிடலாம். அந்த வேகமே பல வாய்ப்புகளைக் கொண்டுவருகிறது.

6. தனித்தனி ட்ராக் கோப்புகள் யாரிடம்? மாஸ்டர் கோப்பு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஸ்டுடியோ ஹார்டு டிஸ்க் பழுதானால் மறுபடி மிக்ஸ் செய்யவோ குரலில்லாத வடிவம் எடுக்கவோ வழி இல்லை. கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், எல்லா ட்ராக்கும் பூஜ்ய விநாடியிலிருந்து தொடங்கும் 24 பிட் வேவ் கோப்புகளாக இரண்டு டிஸ்க்கில் வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வைக்க வேண்டும்.